இன்ஷிராஹின் தொலைபேசியில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்

துமியாத் கட்டிலை நம்பிப் பிழைக்கிற ஊர். தெருவுக்கு நாலு பட்டறை, பட்டறைக்கு இரண்டு கடை, எந்தப் பக்கம் திரும்பினாலும் மூக்கில் மரத்தூளும் வார்னிஷும். கல்யாணமாகப் போகிறவர்கள் படுக்கையறைச் சாமான் வாங்க எகிப்தின் எல்லா மூலையிலிருந்தும் வருவார்கள். ஆனால் கடைகள் பெருத்துப் போன பிறகு, வருகிறவர்களுக்காகக் காத்திருந்தால் வேலைக்கு ஆகாது. யார் வீட்டில் நிச்சயம் ஆகப்போகிறது என்று ஒரு வாரம் முந்தித் தெரிந்துகொண்ட கடைக்காரர் கட்டில், அலமாரி, நிலைக்கண்ணாடி எல்லாவற்றையும் விற்றுவிடுவார். ஒரு வாரம் பிந்தித் தெரிந்துகொண்டவர் வாழ்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

அந்தச் செய்தி ஊரிலேயே அதிகமாகக் குவிந்து கிடந்த இடம் இன்ஷிராஹின் தலை. கல்யாணத் தரகு அவள் தொழில். மகன் பெயரைச் சேர்த்து உம்மு யுஸ்ரி என்று கூப்பிடுவார்கள். அறுபத்திரண்டு வயது, கனத்த உடம்பு, மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு. இருநூற்றுச் சொச்சம் கல்யாணங்கள் நடத்தி வைத்தவள். அவற்றில் இரண்டு முறிந்து போயின. அந்த இரண்டையும் மற்றவர்கள் எடுத்துச் சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள்.

இந்தத் தொழிலுக்குள் அவள் வந்தது பஞ்சு மூட்டை வழியாக. கணவன் ஷெஹாத்தா மெத்தை தைப்பவர். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு பெண் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து பஞ்சு அடித்து மெத்தை தைத்துக் கொடுப்பார். அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறவள் சும்மா வருவாளா. அங்கே கூடியிருக்கும் பெண்களோடு உட்கார்ந்து, எந்த வீட்டில் பையன் வளர்ந்திருக்கிறான், எந்த வீட்டில் பெண் பள்ளிக்கூடம் முடித்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு வருவாள். இருபத்தாறாவது வயதில் முதல் ஜோடியைச் சேர்த்து வைத்தாள். ஷெஹாத்தா இறந்த பிறகு அதுவே அடுப்பை எரித்தது. மகன் யுஸ்ரி குவைத்தில் வேலை பார்க்கிறான். மருமகள் சப்ரீன் மாமியாரோடு இருக்கிறாள்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்பார்கள். இன்ஷிராஹ் அந்தக் கட்சி இல்லை. ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டாள். ஆனால் உண்மையை எப்போது, யாரிடம், எந்த வாயால் சொல்வது என்பதில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. முதல் தடவை போகும்போது பெண்ணைப் பார்க்கட்டும், சர்பத் குடிக்கட்டும். இரண்டாவது தடவை, பாத்திஹா ஓதி வாக்குக் கொடுப்பதற்கு முன்னால், குறை என்று ஏதாவது இருந்தால் அதைப் பையனின் தாயைத் தனியாக அழைத்து அவளே சொல்வாள். ஒரு வாய், ஒரு காது. அதைக் கேட்டபின் எழுந்து போகிறவர்கள் போகலாம். பாத்திஹா ஓதி முடிகிற வரைக்கும் மூன்றாம் வீட்டுக்கு மூச்சு விடமாட்டாள். உன் மெழுகுவர்த்தியைக் கையால் மறைச்சுப் பிடி, அப்பதான் எரியும் என்ற ஊர்ப் பழமொழியைத் தன் சொந்தச் சரக்கு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவாள்.

கடைவீதியில் பெரிய கடை வைத்திருக்கும் ஹாஜி முத்வல்லி முப்பது வருடமாக இந்த வாயைத் திறக்கப் பார்த்தார். ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு கூடை முஷப்பக் அனுப்புவார். நம் ஜிலேபிக்கு அண்ணன் முறை ஆகிற அந்த இனிப்பை இன்ஷிராஹ் மறுக்காமல் வாங்கித் தின்றுவிடுவாள். நிச்சயம் ஆகப்போகிற வீடுகளின் பெயரைக் கொடுத்தால் விற்பனையில் பங்கு தருகிறேன் என்று அவர் சொல்லி அனுப்பினால் மட்டும் காது கேட்காது. ஷெஹாத்தாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் திண்டாடிய வருடத்திலும் கேட்கவில்லை. ஊர் அதை அறியும். அவள் வாசலில் செருப்புகள் சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

அறுபது தாண்டியதும் நினைவு தடுமாறத் தொடங்கியது. ஒரு தாயிடம் போய், பையனுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தாள். கால் உடைந்தது வேறொருத்தி பையனுக்கு. இந்தப் பையனின் கால்கள் இரண்டும் அந்த நேரம் கதவருகே நின்றுகொண்டிருந்தன. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். கண்ணில் தூசி என்று சப்ரீனிடம் சொன்னாள்.

சப்ரீன்தான் வழி காட்டினாள். இன்ஷிராஹுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மருமகள் காட்டிக் கொடுத்தாள். அதன் பிறகு இன்ஷிராஹ் ஒவ்வொரு எண்ணையும், பெயரோடு அந்த வீட்டைப் பற்றி மறக்கக் கூடாததையும் சேர்த்துப் பேசிப் பதிந்துவைத்தாள். அழைப்பு வந்தால் திரையில் பெயர் வரும், பெயரோடு விஷயமும் வரும். எடுத்துக் காதில் வைப்பதற்குள் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும். ‘உம்மு ஆதில், மூத்தவன் ஜெயிலுக்குப் போனவன், இளையவன் தங்கம்.’ ‘தபாலாபீஸ் ரவூஃப், பொய்ப்பல், இரண்டாம் தாரம் தேடுறார்.’ ‘தவ்லத், உம்மு ஹைஸம், கஞ்சம், விருந்தாளிக்கும் சர்க்கரை அளந்துதான் போடுவா.’ ‘கரீமா, உம்மு நெஸ்மா, பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு வரைக்கும் வலிப்பு, ரெண்டாவது தடவை போறப்போ சொல்லணும்.’ இப்படி முன்னூற்றுப் பன்னிரண்டு. தன் தலையைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்ட நிம்மதி அவளுக்கு.

இதற்கிடையில் தொழில் மெலிந்தது. பிள்ளைகள் தொலைபேசியிலேயே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், தரகுக்காரியைத் தேடுவது குறைந்து போயிற்று. ஊரே கிடந்து புரளும் செயலியில் நாமும் ஒரு பக்கம் தொடங்கினால் என்ன என்று சப்ரீன் கேட்டாள். தொடங்கினார்கள். ரோஜாப் படம், இரண்டு புறா, ‘உம்மு யுஸ்ரி, நம்பிக்கையின் பெயர்’ என்று ஒரு வரி. கடைசியில் திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. அடியில் ‘சம்மதம்’ என்று பச்சையில் பெரிதாக ஒரு பொத்தான். ‘இப்போது வேண்டாம்’ என்பது எறும்பு அளவில், சாம்பல் நிறத்தில்.

என்ன கேட்கிறது என்று இன்ஷிராஹ் விசாரித்தாள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறது, அவர்களுக்கு நம் பக்கத்தைக் காட்டும் என்றாள் சப்ரீன். அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்தை அவளும் படிக்கவில்லை. அதைப் படித்தவர்கள் துமியாத்தில் யாராவது உண்டா என்பது சந்தேகம். தெரிந்தவர்கள் பார்த்தால் நல்லதுதானே என்று இன்ஷிராஹ் கட்டைவிரலால் பச்சையை அழுத்தினாள். ஹாஜி முத்வல்லி முப்பது வருடம் முஷப்பக் அனுப்பியும் கிடைக்காதது, அடுப்பில் காபி பொங்கி வருவதற்குள் போய்விட்டது.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கரீமாவின் மகள் நெஸ்மா முலூக்கியாக் கீரைக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே தாயின் தொலைபேசியில் வந்திருந்த செய்தியைப் படித்துக் காட்டினாள். கரீமாவுக்குப் படிக்கத் தெரியாது. வருகிற எல்லாவற்றையும் சாப்பாட்டு நேரத்தில் மகள்தான் படித்துச் சொல்வாள். நெஸ்மாவுக்கு இருபத்து நாலு வயது, மருந்துக்கடையில் வேலை. தவ்லத்தின் மகன் ஹைஸம் மரத்தில் பூ வேலை செய்பவன், அமைதியானவன். முதல் சந்திப்பு நல்லபடியாக முடிந்திருந்தது. வருகிற வியாழக்கிழமை இரண்டாவது.

“அன்புள்ள கரீமா, உம்மு நெஸ்மா, பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு வரைக்கும்” என்று நெஸ்மா சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் அங்கே நின்றாள். அடுத்த வார்த்தையை மனதுக்குள் படித்தாள். அதற்குப் பின்னால், உங்கள் இல்லத் திருமணத்துக்குப் படுக்கையறைச் சாமான் வாங்கினால் நூற்றுக்குப் பதினைந்து தள்ளுபடி என்று இருந்தது. அடியில் ஹாஜி முத்வல்லியின் கடைப் பெயர்.

இன்ஷிராஹ் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது குழம்பு ஆறிப் போயிருந்தது. நெஸ்மா தொலைபேசியை நீட்டினாள். இன்ஷிராஹ் எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டாவது வரிக்கு வந்ததும் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ‘ரெண்டாவது தடவை போறப்போ சொல்லணும்’ என்பதுவரை எல்லாம் அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் நான் கொடுக்கவில்லை என்று சொன்னாள். நெஸ்மா கோபத்தைக் குரலில் காட்டவில்லை. மருந்துக்கடையில் சீட்டை விசாரிப்பது மாதிரி கேட்டாள்.

“யாரைக் கேட்டு இதை உங்க போன்ல எழுதினீங்க, அத்தை?”

“உங்கம்மா சொன்னதும்மா. என்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு அவளாத்தான் சொன்னா.”

“அம்மா உடம்புலயா வலிப்பு வந்துச்சு?”

கரீமா ஆறிய தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருடத்தில் இன்ஷிராஹ் தாய்மார்களிடம் கேட்டிருக்கிறாள், சித்திகளிடம் கேட்டிருக்கிறாள், ஒருமுறை மருத்துவச்சியிடம்கூடக் கேட்டிருக்கிறாள். யாருடைய குறையோ அந்தப் பெண்ணிடம் போய், இதை நான் சொல்லலாமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது வழக்கமில்லை. படி இறங்கும்போது இந்த நினைப்பு அவளைக் குத்தியது. இந்தத் தடவை பெருமூச்சுகூட வரவில்லை.

வெளியே வருவதற்குள் பதினேழு அழைப்புகள் வந்திருந்தன. கடையின் செய்தி கரீமாவுக்கு மட்டும் போகவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும், அவரவருக்கு அவள் வைத்த பெயரிலேயே போயிருந்தது. அது போதாதென்று தபாலாபீஸ் ரவூஃபுக்குப் பல் ஆஸ்பத்திரியிலிருந்து, ‘அன்புள்ள தபாலாபீஸ் ரவூஃப் பொய்ப்பல்’ என்று. ஜெயிலுக்குப் போனவனின் தாய்க்கு வக்கீல் அலுவலகத்திலிருந்து. யாரோ ஒருத்திக்கு ‘மீசைக்காரி’ என்று சொல்லி முடி நீக்கும் நிலையத்திலிருந்து. சாயங்காலத்துக்குள் மீன் சந்தையில், ரொட்டிக்கடை வரிசையில், உனக்கு என்ன வந்தது என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்பதே விளையாட்டாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. தவ்லத்துக்கும் வந்திருந்தது. அவள் மட்டும் அழைக்கவில்லை. அதுதான் இன்ஷிராஹை அதிகமாகப் பயமுறுத்தியது.

வியாழக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. நெஸ்மாவின் விஷயம் வேறு யார் வாயாகவாவது தவ்லத்தின் காதுக்குப் போய்விட்டால் கல்யாணம் நின்றுவிடும். ஒரு பெண்ணுக்கு ஒரு தடவை நின்றால் அடுத்த தடவை யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், அவர்களே ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள். இன்ஷிராஹின் பெயரும் அதோடு போகும். பெயரைத் தவிர அவளுக்கு வேறு முதல் இல்லை.

நேரே ஹாஜி முத்வல்லியின் கடைக்குப் போனாள். அவர் அவளை ஒரு தங்க முலாம் நாற்காலியில் உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். பெயர்களை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு அவர் உண்மையாகவே விழித்தார். எந்தப் பெயரையும் அவர் பார்க்கவில்லை. துமியாத்தில் கல்யாணப் பேச்சில் இருக்கும் வீடுகள் வேண்டும் என்று ஊரே புரளும் அந்தச் செயலியில் ஒரு பெட்டிக்குள் தட்டியிருக்கிறார். ஒரு காபி மேசையின் விலைகூட ஆகவில்லை. பெயரை நிரப்பியதும் அனுப்பியதும் இயந்திரம். எத்தனை பேருக்குப் போயிற்று என்ற எண்ணிக்கை மட்டும் அவருக்கு வந்தது. கணினியைத் திருப்பிக் காட்டினார். 312 என்று இருந்தது.

“முப்பது வருஷமா உங்க வாசல்ல நின்னேன், உம்மு யுஸ்ரி. நீங்க தரல. நான் கோவிச்சுக்கல, பேரு காப்பாத்துற பொம்பளைன்னு நாலு பேர்கிட்ட சொல்லியிருக்கேன். கடைசில கொடுத்தது நீங்கதான். ஆனா எனக்குக் கொடுக்கல, அதுக்குக் கொடுத்திருக்கீங்க.”

குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். அதனால் அது இன்னும் நன்றாகக் குத்தியது. அவர் எடுத்துக் கொடுத்த முஷப்பக் பொட்டலத்தை முதல் தடவையாக அவள் அங்கேயே வைத்துவிட்டு எழுந்தாள்.

வீட்டில் சப்ரீன் அழுது முகம் வீங்கிப் போய், செயலிக்குள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தாள். அதன் அலுவலகம் எங்கே என்று இன்ஷிராஹ் கேட்டாள். போய் வாசலில் உட்கார்ந்துவிடுவதாகத் திட்டம். கடலுக்கு அந்தப் பக்கம் என்றாள் சப்ரீன். ஐந்தாவது கதவுக்குள், ‘விளம்பரக் கூட்டாளிகளுடன் பகிர்தல்’ என்று ஒன்று கிடைத்தது. கூட்டாளிகள் நாற்பத்தொரு பேர். ஒரு பெயரும் இவர்கள் கேட்ட பெயர் இல்லை.

“கூட்டாளின்னா நமக்குத் தெரிஞ்சவங்களா இருக்கணுமேடி.”

“அதுக்குத் தெரிஞ்சவங்க, மாமி. நமக்கில்ல.”

சப்ரீன் அதை அணைத்தாள். கொடுத்ததெல்லாம் திரும்ப வந்துவிடுமா என்று கிழவி கேட்டாள். ‘ஏற்கெனவே பகிரப்பட்டவற்றுக்கு இது பொருந்தாது’ என்று திரையில் வந்ததை மருமகள் படித்துக் காட்டினாள். கீழ்வீட்டு வக்கீல் அன்வரிடம் போய், இதற்குச் சட்டம் இருக்கிறதாமே, புகார் எழுதிக் கொடு என்றார்கள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டம் இருக்கிறது, ஆனால் புகார் கொடுக்க வேண்டியவர்கள் அந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேர், அவர்கள் கொடுத்தால் முதல் எதிரி நீங்கள், சம்மதம் என்று அழுத்திய விரல் உங்களுடையது என்றார். கட்டணம் வாங்கவில்லை.

திங்கள் காலையில் இன்ஷிராஹ் வீடு வீடாகப் போகத் தொடங்கினாள். இது யாரும் சொல்லிக்கொடுத்த வழி இல்லை, அவளுக்குத் தெரிந்த ஒரே வழி. கதவைத் தட்டுவாள், தொலைபேசியில் அவர்களைப் பற்றி வைத்திருந்ததை அவர்கள் முன்னாலேயே திறந்து காட்டுவாள், அவர்கள் கண் முன்னாலேயே அழிப்பாள், பெயரை மட்டும் வைத்துக்கொள்ளவா அதுவும் வேண்டாமா என்று கேட்பாள். மீசைக்காரி வீட்டில் கதவு திறக்கவில்லை. ரவூஃப் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எழுதினதுதான் எழுதினாய், தங்கப் பல் என்று எழுதியிருக்கக் கூடாதா என்று சிரித்தார். ஜெயிலுக்குப் போனவனின் தாய் அவளை உள்ளே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இனிமேல் இந்தப் படி ஏறாதே என்று மெதுவாகச் சொன்னாள். புதன் சாயங்காலம் வரைக்கும் எழுபத்தெட்டு வீடு. கால் வீங்கிவிட்டது.

தவ்லத் வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை. போனால் நெஸ்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லும் உரிமை யாருடையது என்பது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்குக் குழப்பமாகிவிட்டது. அதற்குப் பதில் புதன்கிழமை நெஸ்மாவின் மருந்துக்கடைக்குப் போனாள். தலைவலி மாத்திரை கேட்டு வந்தவர்கள் போகும் வரை நின்றிருந்துவிட்டு, வழக்கமாக நாளைக்குத்தான் அதைச் சொல்வேன், சொல்லவா வேண்டாமா என்று கேட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டதில் நாக்குக் குழறியது.

“நீங்க வாங்க. பேசாம உக்காருங்க” என்றாள் நெஸ்மா.

வியாழக்கிழமை தவ்லத் வந்தாள். வரமாட்டாள் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். இனிப்புக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அதனால்தான் வந்தாள் என்று பிற்பாடு ஊர் சொன்னது. அது பொய் என்று சொல்ல முடியாது. ஹைஸம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி வந்தான். தவ்லத் இன்ஷிராஹுக்கு ஸலாம் சொல்லிவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். அரை மணி நேரம் வெங்காய விலையைப் பற்றியும் ராஸ் அல்-பர் கடற்கரையில் இந்த வருடக் கூட்டத்தைப் பற்றியும் பேச்சு நடந்தது. வழக்கமாக இன்ஷிராஹ் எழுந்து பையனின் தாயை உள்ளறைக்கு அழைக்கும் நேரம் வந்தது. அவள் கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு கஷ்டமான வேலையை அவள் அதற்குமுன் செய்ததில்லை.

நெஸ்மா சர்பத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்தாள்.

“அத்தை, எனக்குச் சின்ன வயசுல வலிப்பு இருந்துச்சு. பன்னிரண்டு வயசுல நின்னுடுச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட வரல, மாத்திரையும் இல்ல. டாக்டர் கொடுத்த காகிதம் இருக்கு. உங்க மகன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். உங்ககிட்டயும் நானே சொல்லணும்னு இருந்தேன்.”

தவ்லத் மகனைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான். அறையில் யாரும் சர்பத்தைத் தொடவில்லை. கரீமாவின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. தவ்லத் கைப்பைக்குள் கைவிட்டுத் தன் தொலைபேசியை எடுத்து, தனக்கு வந்திருந்த செய்தியைத் திறந்து நெஸ்மாவின் கையில் கொடுத்தாள்.

“சத்தமாப் படி.”

நெஸ்மா படித்தாள். கஞ்சம், சர்க்கரை, எல்லாவற்றையும். ஒரு மளிகைக்கடை சர்க்கரை மூட்டைக்குத் தள்ளுபடி கொடுத்திருந்தது. இன்ஷிராஹின் முகத்தில் ரத்தம் ஏறியது.

“உனக்கு டாக்டர் காகிதம் இருக்கு. எனக்கு அதுவும் இல்ல” என்றாள் தவ்லத். “அந்தக் காகிதத்தைக் கொண்டா. பாக்காம நம்ப மாட்டேன். நான் கஞ்சம், எதையும் சும்மா கொடுக்க மாட்டேன்.”

காகிதம் வந்தது. தவ்லத் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் முன்னும் பின்னும் பார்த்தாள், முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, சர்பத் சூடாகிறது என்றாள். கைகளை ஏந்திப் பாத்திஹா ஓதினார்கள். இன்ஷிராஹும் ஓதினாள். ஓதும்போதே கண்ணீர் வழிந்தது, இந்தத் தடவை தூசி என்று யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் விடைபெறும்போது தவ்லத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். எழுதியது பொய் என்றால் மன்னித்திருப்பேன் என்றாள் தவ்லத். அவள் சிரித்தாளா இல்லையா என்பது முக்காட்டுக்குள் தெரியவில்லை.

மீதி வீடுகளுக்கும் போய் முடிக்க இன்ஷிராஹுக்கு ஒரு மாதம் ஆயிற்று. முன்னூற்றுப் பன்னிரண்டில் அறுபது பேர் பெயரை வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். புறாக்களோடு அந்தப் பக்கத்தைச் சப்ரீன் மூடிவிட்டாள். புதிதாக யாரும் தேடி வரவில்லை. ஆனால் ஹைஸம், நெஸ்மா கல்யாணம் நாள் குறித்தாகிவிட்டது, அது ஒன்று போதும், பேச்சு மாறும், மக்கள் மறப்பார்கள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். ரொட்டிக்கடை வரிசையில் இரண்டு பெண்கள் அவளுக்கு ஸலாம்கூடச் சொன்னார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, காலையில், இன்ஷிராஹ் பால்கனியில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். மூக்குக் கண்ணாடி உள்ளே இருந்தது. தொலைபேசியில் ஏதோ வந்த சத்தம் கேட்டது, சப்ரீனைப் படிக்கச் சொன்னாள்.

மூட்டுவலி நிலையம் ஒன்றிலிருந்து வந்திருந்தது. சப்ரீன், “அன்புள்ள உம்மு யுஸ்ரி” என்று தொடங்கி அங்கேயே நின்றாள்.

இன்ஷிராஹின் கையில் பீன்ஸ் அப்படியே இருந்தது. நெஸ்மாவின் குரல் இப்படிப் பாதியில் நின்றதை அவள் ஏற்கெனவே கரீமா சொல்லக் கேட்டிருக்கிறாள்.

“படி.”

“நாம அணைச்சுட்டோமே, மாமி. நான்தானே என் கையால அணைச்சேன்.”

“நம்ம போன்லதான் அணைச்சோம். படி.”

சப்ரீன் படித்தாள். “அன்புள்ள உம்மு யுஸ்ரி, இவகிட்ட எதுவும் சொல்லாதே. உங்கள் மூட்டுவலிக்கு முதல் பரிசோதனை இலவசம்.”

கீழே தெருவில் யாரோ ஒரு கட்டிலின் தலைப்பலகையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெல்ல, மெல்ல, கீறிடாதே என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். எந்த வீட்டுப் போனில் உங்களை இப்படிப் பதிந்து வைத்திருப்பார்கள், கண்டுபிடித்துவிடலாமா என்று சப்ரீன் கேட்டாள். கரீமாவா, தவ்லத்தா, மீசைக்காரியா என்று பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள்.

இன்ஷிராஹ் அடுத்த பீன்ஸை எடுத்தாள். யாராக இருந்தாலும் எழுதியது பொய் இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மறந்துபோய் இவளிடம் வாய்விட்டுவிடக் கூடாது என்றுதான் எழுதியிருப்பார்கள். மறக்கக் கூடாததைப் பெயரோடு சேர்த்து எழுதி வைப்பது அவளே செய்த வேலைதான்.

“உங்களைக் கேட்டுட்டா எழுதினாங்க?” என்றாள் சப்ரீன், கோபத்தோடு.

“நான் யாரைக் கேட்டேன்?” என்றாள் இன்ஷிராஹ். பிறகு நாரைக் கிழித்துக் கிண்ணத்துக்கு வெளியே போட்டாள்.